இயங்குதளம் நம் கைக்கு வருமுன்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் எளாவூர் என்றதும் லாரி ஓட்டுநர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்குள்ள சோதனைச் சாவடியே ஆகும். ஆதலால் ‘சோதனை’ என்ற சொல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளித் தேர்வுக்கு முன்னரே அறிமுகமாகிவிடுகிறது. கணிப்பொறியில் நுழையும் இயங்குதளத்துக்கும் இத்தகைய சாவடிகள் உண்டு. அவை ஒன்றல்ல, பல. அத்தனையையும் தாண்டிச் சில தவறுகள் உள்ளே வந்துவிடுகின்றன. அவை எப்படி வருகின்றன என்பதே இவ்வாண்டு கணிப்பொறி வகுப்பில் எங்களுக்கு எழுந்த கேள்வி. அதைப்பற்றிப் படித்தறிந்தவற்றையும், எங்கள் கணிப்பொறி அறையில் நாங்களே செய்து பார்த்த ஒரு சிறு சோதனையையும் இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே தொடங்குகிறோம்.

இயங்குதளம் என்பது யாது? பள்ளியில் எந்த வகுப்புக்கு எந்த அறை, ஆய்வகச் சாவி யாரிடம், மணி எப்பொழுது அடிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் கவனிக்க ஓர் அலுவலகம் இருக்கிறதல்லவா? பாடம் நடத்துவது அலுவலகத்தின் வேலை அன்று. ஆனால் அது ஒரு நாள் மூடிக்கிடந்தால் எந்தப் பாடமும் ஒழுங்காக நடவாது. கணிப்பொறியில் கடிதம் எழுதும் நிரல், படம் வரையும் நிரல், கணக்குப் போடும் நிரல் யாவும் வகுப்புகள் போன்றவை. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்பொழுது வேலை செய்யலாம், கோப்புகளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் அலுவலகமே இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்டு ஆகியவை இவ்வகையின. ஒரு நிரல் பழுதானால் அந்த ஒன்றுதான் நிற்கும். இயங்குதளம் பழுதானால் எல்லாம் நிற்கும். ஆகவே இதை வெளியிடுமுன் சோதிப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இம்மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த அக்காமார் பலர் வீட்டுக்கு முதன்முதலாக வந்த கணிப்பொறி அதுவே. அதில் விண்டோஸ் ஒன்று, ‘பாஸ் லினக்ஸ்’ ஒன்று என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் முதலெழுத்துகளே ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இது, 2007 ஜனவரி 10 அன்று முதலில் வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் பயன்படுத்தலாம். இதன் அடித்தளமாக இருப்பது ‘டெபியன்’ என்னும் லினக்ஸ் வகை. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் கூடி 1993 முதல் அதை வளர்த்து வருகின்றனர்.

டெபியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். சோதனை என்பதைப் படிக்கட்டு போல் அமைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை. டெபியனில் எப்பொழுதும் மூன்று படிகள் உண்டு. புதிதாக எழுதப்பட்ட நிரல் முதலில் ‘நிலையற்றது’ என்னும் படியில் வைக்கப்படும். துணிந்தவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தலாம். உடைந்தால் அவர்கள் பாடு. அங்கே 2 நாளோ, 5 நாளோ, 10 நாளோ (நிரலின் அவசரத்தைப் பொறுத்து) கடுமையான புதிய குறை எதுவும் எழாமலிருந்தால் அது ‘சோதனை’ என்னும் இரண்டாம் படிக்கு ஏறும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டாம் படியை உறைய வைப்பார்கள். அதாவது, இனிப் புதியது எதுவும் வரக்கூடாது, இருக்கும் குறைகளைத் தீர்ப்பது மட்டுமே வேலை என்று கதவடைப்பார்கள். வெளியீட்டைத் தடுக்கும் குறைகள் தீர்ந்த பின்னரே அது ‘நிலையானது’ என்று வெளியிடப்படும். 2023 ஜூன் 10 அன்று 12ஆம் பதிப்பும், 2025 ஆகஸ்ட் 9 அன்று 13ஆம் பதிப்பும் இவ்வாறு வந்தவையே. தேதி குறித்துவிட்டு அதற்குள் முடிப்பது ஒரு வழி, முடிந்த பிறகு தேதி சொல்வது மற்றொரு வழி. இவர்கள் நெடுங்காலம் இரண்டாம் வழியையே போற்றி வந்தவர்கள்.

இப்பதிப்புகளுக்குச் சூட்டும் பெயர்களெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ என்னும் பொம்மைத் திரைப்படக் கதைமாந்தர்களின் பெயர்கள். முதற்படியான ‘நிலையற்றது’ மட்டும் என்றும் பெயர் மாறாமல் ‘சிட்’ என்றே வழங்கும். அப்படத்தில் பொம்மைகளை உடைத்துத் தள்ளும் பொல்லாத பக்கத்து வீட்டுப் பையன்தான் சிட்! வகுப்பில் இதைச் சொன்னபோது அனைவரும் சிரித்தோம். ஆனால் மிகப் பொருத்தமான பெயர்.

சரி, ஒவ்வொரு படியிலும் சோதிப்பது எவ்வாறு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைகள் உள்ளதால், எங்களில் சிலருடைய தந்தையர் முறுக்குக் கம்பி செய்யும் ஆலைகளில் பணிபுரிகின்றனர். அங்கே உருக்கிலிருந்து வரும் கம்பியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அறுந்துபோகும்வரை இயந்திரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். இன்னொரு துண்டை வளைத்துப் பார்ப்பார்கள். எல்லாக் கம்பியையும் இழுத்துப் பார்க்க முடியாது, பார்த்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வோர் உருக்கும் சிறிது வேறுபடுமாகையால் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுப்பது அங்கே இன்றியமையாதது. இயங்குதளத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. ஒரு கோடிப் பிரதிகள் எடுத்தாலும் அத்தனையும் அச்சு அசலாக ஒன்றேபோல் இருக்கும். ஒன்றைச் சோதித்தால் எல்லாவற்றையும் சோதித்தாயிற்று என்றுதானே தோன்றுகிறது? பொருள் ஒன்றாயினும் அது குடிபோகும் வீடுகள் வேறு வேறு. ஒருவர் வீட்டில் பழைய அச்சுப்பொறி, இன்னொருவரிடம் பாதி நிரம்பிய வட்டு, வேறொருவரிடம் அறுந்து அறுந்து வரும் இணைய இணைப்பு. கம்பியில் மாதிரி எடுப்பது பொருளிலிருந்து. இயங்குதளத்தில் மாதிரி எடுக்க வேண்டியது வீடுகளிலிருந்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எளிதில் விளங்கும்.

சாதாரணச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே சோதிப்பது ஒன்று. அவற்றைச் சேர்த்து வைத்துச் சோதிப்பது மற்றொன்று. பிறகு மீள்சோதனை. ஒரு குறையைக் கண்டு திருத்தியதும், அதே குறை மறுபடி வந்துள்ளதா என்று கேட்கும் ஒரு சிறு கேள்வியை எழுதி வைத்துவிடுவார்கள். நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய கேள்விகள் அனைத்தையும் கணிப்பொறியே தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும். பெரிய இயங்குதளங்களில் இத்தகைய கேள்விகள் பல்லாயிரம் சேர்ந்திருக்கும். மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்துவிட்டுக் கோப்புகள் பிழைத்தனவா என்று பார்ப்பதும் உண்டு. கோடையில் மின்தடை அறிந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கடைக்காரர் முதலில் குறிப்பேட்டில் கிறுக்கிவிட்டுப் பின்பு பேரேட்டில் ஏற்றுவதுபோல, செய்யப்போவதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும் முறை இன்றைய இயங்குதளங்களில் இருக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கும் கேள்விகள். எண்ணிப் பாராதவற்றை யார் கேட்பது? இங்கேதான் குரங்கு வருகிறது.

1983ஆம் ஆண்டு. ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணிப்பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் நினைவகம் மிகச் சிறிது, 128 கிலோபைட்டுதான். அது நிரம்பி வழியும் வேளையில் என்ன நடக்கும் என்று சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்டீவ் கேப்ஸ் என்பவர் ‘குரங்கு’ என்ற சிறு நிரல் ஒன்றை எழுதினார். அது திரையில் கண்ட இடத்தில் சுட்டியை அழுத்தும், வாயில் வந்ததைத் தட்டச்சு செய்யும், பட்டியல்களைத் திறந்து மூடும். கண்ணுக்குத் தெரியாத குரங்கு ஒன்று கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பது போலவே இருக்குமாம். ஒரே ஒரு தொல்லை. சிறிது நேரத்தில் குரங்கு தன்னையறியாமல் ‘வெளியேறு’ என்பதை அழுத்திவிடும், சோதனை முடிந்துவிடும்! ஆகவே குரங்கு ஆடும் வேளையில் மட்டும் அக்கட்டளை வேலை செய்யாதபடி செய்ய வேண்டியதாயிற்று. இன்று ஆண்ட்ராய்டு நிரல் எழுதுவோருக்குத் தரப்படும் கருவிகளிலும் ‘மங்கி’ என்ற பெயரில் இதே போன்ற ஒன்று இருக்கிறது.

இதற்கு உடன்பிறப்பு போன்றது மற்றொரு முறை. 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடியும் மழையுமான ஓர் இரவில் வீட்டிலிருந்தபடி தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருந்தார். இடியினால் கம்பியில் இரைச்சல் புகுந்து, அவர் அடிக்காத எழுத்துகளெல்லாம் இடையே சேர்ந்தன. அது வியப்பன்று. அந்தக் குப்பை எழுத்துகளைப் பெற்ற நல்ல நல்ல நிரல்கள்கூட இடிந்து விழுந்ததுதான் அவருக்கு வியப்பாயிருந்தது. ‘எனக்கு இது புரியவில்லை’ என்று சொல்லி நின்றிருக்க வேண்டாமா? அதையே தம் மாணவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்தார். தாறுமாறான எழுத்துகளை உற்பத்தி செய்து யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரல்களுக்கு ஊட்டிப் பாருங்கள் என்றார். 1990இல் வெளியான முடிவின்படி, சோதித்த யூனிக்ஸ் வகை ஒவ்வொன்றிலும் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையிலான நிரல்கள் இடிந்தன அல்லது உறைந்தன. மாணவர்களின் வீட்டுப்பாடத்திலிருந்து பிறந்த இம்முறை ‘ஃபஸ்’ சோதனை எனப்படுகிறது. இன்று லினக்ஸின் உள்ளறையான கெர்னலை இரவு பகலாக இவ்வாறு துருவிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உள்ளன.

குரங்கும் இடியும் சேர்ந்தாலும் பிடிக்க முடியாதவை சில உண்டு. அவற்றை நாங்களே கண்டோம். ஆசிரியையின் அனுமதி பெற்று, எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து ஒரு தாளில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி, ஒரு கணிப்பொறியில் தமிழை மட்டும் சோதித்தோம். அதிலிருந்த இயங்குதளம் எது, நிரல் எது என்பதை இங்கே குறிப்பிடவில்லை. அது தேவையுமில்லை.

முதற் கேள்வி, ‘கொடி’ என்ற சொல். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடு முறையில் இரு வகையாகச் சேமிக்கலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பு தனியாகவும் துணைக்கால் தனியாகவும் இரு குறிகளாக இடுவது இன்னொரு வகை. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. திரையில் பார்த்தாலும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. இரு கோப்புகளில் இரு வகையாக எழுதி வைத்து, ‘கொடி’ எனத் தேடச் சொன்னோம். ஒரு கோப்பை மட்டுமே அது கண்டுபிடித்தது. மற்றொன்று கண்ணெதிரே இருக்க, ‘இல்லை’ என்றது.

இரண்டாவது, ஔவையார். ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. ஆனால் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து அடித்தால் ‘ஒளவையார்’ என்று ஏறக்குறைய அதே போலத் தெரியும். பலரும் அவ்வாறே அடிக்கின்றனர். தேடினால் கிடைக்காது. இது இயங்குதளத்தின் குறையா, அடித்தவரின் குறையா என்று எங்களுக்குள் வாதம் நிகழ்ந்தது. இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். ‘கொடி’ நிரலின் குறை, ‘ஔ’ மனிதரின் குறை, ஆயினும் நல்ல நிரல் மனிதரின் குறையையும் எதிர்பார்க்க வேண்டும் என்று ஆசிரியை தீர்ப்பளித்தார்.

மூன்றாவது, வருகைப் பதிவேடு. மலர்விழி, மனோன்மணி ஆகிய பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் யார் முதலில்? தமிழ் நெடுங்கணக்கில் லகரத்துக்கு வெகு தூரம் பின்னால், கடைசி எழுத்தாக வருவது னகரம். ஆகவே மலர்விழியே முதல். யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்தை அடுத்து அமர்ந்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல் மனோன்மணியை முன்னே தள்ளிவிடும். நாங்கள் சோதித்த ஒரு நிரலில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் வந்தது. இரண்டும் ஒரே கணிப்பொறியில் இருந்தன! மீதிக் கேள்விகளில், பொத்தானின் மேல் எழுதிய தமிழ்ச் சொல் இடம் போதாமல் பாதியில் வெட்டுண்டதும், ‘கி’ என்பதை அழிக்க முயன்றால் சில இடங்களில் முழு எழுத்தும் சில இடங்களில் விசிறி மட்டும் போனதும் குறிப்பிடத்தக்கவை.

ஆங்கிலம் மட்டும் அறிந்த சோதனையாளர் எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும் இந்தப் பன்னிரண்டில் ஒன்றையாவது எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம். அவர் கவனக்குறைவானவர் அல்லர், அவர் வீட்டில் ஔவையார் இல்லை, அவ்வளவே. சோதனை என்பது கேட்ட கேள்விக்குத்தான் விடை தரும். ஆகையால் கேட்பவர்கள் பலராகவும் பலவகைப்பட்டவராகவும் இருக்க வேண்டியுள்ளது.

இதை நிறுவனங்கள் உணராமலில்லை. வெளியீட்டுக்கு முன்பே விருப்பமுள்ள பொதுமக்களிடம் மாதிரியைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வது ‘பீட்டா’ சோதனை எனப்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014இல் ‘விண்டோஸ் இன்சைடர்’ என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர். இத்தனை பேர் பார்த்த பிறகு குறை எதுவும் மிஞ்சாது என்று நாமும் நினைப்போம். 2018இல் நடந்ததைக் கேளுங்கள்.

அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு வெளியாயிற்று. சிலர் அதை நிறுவிவிட்டுப் பார்த்தபோது அவர்களுடைய கோப்புகளைக் காணவில்லை. புகைப்படங்கள், கடிதங்கள், ஆவணங்கள் யாவும் மறைந்திருந்தன. நான்கு நாட்களுக்குள் வெளியீடு நிறுத்தப்பட்டது. காரணம் இதுதான். வட்டில் இடம் போதாதவர்கள் தங்கள் ‘ஆவணங்கள்’ உறையை வேறொரு வட்டுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். மாற்றிய பின்னும் பழைய இடத்தில் சில கோப்புகள் தங்கியிருக்கலாம். குடிமாறிய வீட்டில் பரண்மேல் சில பொருள்களை விட்டுவைப்பது போல என்று கொள்ளுங்கள். புதிய பதிப்பு அந்தப் பழைய வீட்டை ‘வெறும் வீடு’ எனக் கருதி, உள்ளே எட்டிப் பாராமலே இடித்துவிட்டது.

இதில் எங்களை வருத்தியது வேறொன்று. சோதனையாளர்களில் சிலர் இதை முன்பே கண்டு எழுதியிருந்தனர்! புதிய பதிப்பை நிறுவிய கணிப்பொறிகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்துதான் கோப்பிழப்பு அறிக்கைகள் வந்தன என்று நிறுவனமே பின்னர் கூறியது. அறிக்கைகளை மற்றவர்கள் வாக்களித்து மேலே தூக்குவது அங்கே முறை. பலருக்கும் நேர்ந்த சிறு தொல்லைகள் மேலே வந்தன, சிலருக்கு மட்டும் நேர்ந்த பெருங்கேடு கீழே தங்கிவிட்டது. பிறகு, அறிக்கை எழுதுவோர் ‘இது எவ்வளவு கடுமையானது’ என்று குறிப்பிட ஓர் இடத்தைச் சேர்த்தார்கள். பதிப்பு நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிடப்பட்டது. வகுப்பில் ஒரே ஒரு மாணவிக்கு வயிற்றுவலி என்றால் பெரும்பான்மை இல்லை என்று தள்ளிவிட முடியுமா?

ஒரே ஒருமுறை தோன்றி மறையும் குறையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஸ்ரீஹரிகோட்டா எங்கள் ஊருக்குத் தொலைவிலில்லை. ராக்கெட் ஏவும் நாளில் மொட்டை மாடியில் நின்றால் வானத்தில் புகைக்கோடு தெரியும். அதனால் விண்வெளிச் செய்தி எதுவாயினும் எங்களுக்கு ஆவல் அதிகம். நாசாவின் ‘பாத்ஃபைண்டர்’ விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. அதன் கணிப்பொறியை நடத்தியது ‘வி.எக்ஸ்.வொர்க்ஸ்’ என்னும் இயங்குதளம். இறங்கிய சில நாட்களில் கணிப்பொறி தானாகவே நின்று நின்று மறுபடி தொடங்கிற்று.

காரணத்தை எங்கள் பள்ளியை வைத்தே விளக்கலாம். ஆய்வகச் சாவி ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் இருக்கிறது என்று கொள்வோம். பத்தாம் வகுப்புக்கு ஆய்வகம் உடனே வேண்டும். சிறுமி சாவியைத் தந்தால்தான் முடியும். அவள் வரும் வழியில் எட்டாம் வகுப்பு அக்காமார் ‘முதலில் எங்கள் வேலை’ என்று அவளை நிறுத்தி வைத்துவிடுகின்றனர். ஆறாம் வகுப்பைவிட எட்டாம் வகுப்பு பெரிதல்லவா? விளைவு, எல்லாருக்கும் பெரிய வகுப்பு வாசலில் காத்துக் கிடக்கிறது. விண்கலத்தில் வானிலையைப் பதிவு செய்யும் சிறு பணியின் கையில் ‘சாவி’ இருந்தது. மிக முக்கியமான பணி ஒன்று அதற்காகக் காத்திருந்தது. நேரம் கடந்ததைக் கண்ட காவல் கடிகாரம் கணிப்பொறியையே அணைத்து மீண்டும் தொடங்கியது. பூமியிலிருந்த மாதிரிக் கலத்தில் பொறியாளர்கள் அதை மறுபடி நிகழ்த்திப் பார்த்துக் காரணத்தைக் கண்டனர். சாவி கையில் உள்ளவரை சிறுமிக்கும் பத்தாம் வகுப்பின் மதிப்பைக் கொடுத்துவிடும் ஏற்பாடு அந்த இயங்குதளத்தில் முன்பே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்த அதை இயக்கும்படி செவ்வாய்க்கு ஆணை அனுப்பினர். குறை தீர்ந்தது. புறப்படுமுன் பூமியில் நடந்த சோதனைகளிலேயே ஓரிருமுறை அக்குறை தலைகாட்டியிருந்ததாம். மறுபடி வரச் செய்ய முடியாததால் காரணம் பிடிபடாமல் போயிற்று.

கடைசியாக, அண்மைக் காலத்தில் யாவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் தன் பாதுகாப்பு நிரலுக்குச் சிறு கோப்பு ஒன்றை அனுப்பியது. அந்நிரல் இயங்குதளம் அன்று. ஆனால் காவலாளி போல விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே குடியிருப்பது. உள்ளறையில் இருப்பவர் தடுக்கி விழுந்தால் வீடே சாய்ந்துவிடும். உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையுடன் நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் விழுந்த கணிப்பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாக ஆள் சென்று எழுப்ப வேண்டியிருந்தது.

சோதிக்காமல் அனுப்பினார்களா? அங்கேதான் கதை இருக்கிறது. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கத்தைச் சுருக்கித் தருகிறோம். புதிய வகைக் கோப்பில் 21 கட்டங்கள் இருக்கும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும் நிரலோ 20 கட்டங்களுக்கான விவரங்களையே கொடுத்தது. மார்ச் மாதம் சோதித்தார்கள். தேறியது. அதன்பின் அதே வகையில் சில கோப்புகள் வெளியாகியும் ஒன்றும் நேரவில்லை. ஏனெனில் அவை எல்லாவற்றிலும் 21ஆம் கட்டத்தில் ‘எதுவாயினும் சரி’ என்ற குறியே இருந்தது. எதுவாயினும் சரி என்றால் நிரல் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே போகாது. ஜூலை 19ஆம் நாள் கோப்பில்தான் முதன்முதலாக 21ஆம் கட்டத்தில் உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. நிரல் 21ஆவது விவரத்தைத் தேடிப் போயிற்று. இல்லாத இடத்தில் கால் வைத்தது. கோப்பைச் சரிபார்க்க வேண்டிய நிரலும் 21 இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தபடியால் ‘சரி’ என்று முத்திரை குத்திவிட்டது.

இந்த இரண்டு எண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதி நெடுநேரம் பேசினோம். எழுதியவரும் சோதித்தவரும் ஒரே எண்ணத்தில் இருந்தால், சோதனை அந்த எண்ணத்தைத் திருப்பிச் சொல்லுமேயன்றி வேறொன்றும் சொல்லாது. மேலும், அக்கோப்பு எல்லாருக்கும் ஒரே வேளையில் சென்றது. முதலில் தம் அலுவலகக் கணிப்பொறிகள், பிறகு நூற்றில் ஒரு பங்கு, பிறகு பத்துப் பங்கு எனச் சிறிது சிறிதாக அனுப்பி, இடையிடையே நின்று கவனிப்பது இயங்குதள உலகில் பழகிய முறைதான். அவ்வாறு அனுப்பியிருந்தால் சில ஆயிரத்தோடு நின்றிருக்கும். அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அந்நிறுவனமும் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. எப்பொழுது பெறுவது என்பதை வாடிக்கையாளர்களே தேர்ந்துகொள்ளவும் வழி செய்தது.

முதலில் பெறும் அந்தச் சிலர் யாராக இருக்க வேண்டும்? பெரிய நகரத்து அலுவலகங்கள் மட்டுமா, எளாவூர் போன்ற ஊர்களிலுள்ள பள்ளிகளுமா? டெபியன் குழுவினர் இதற்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்பாக, இயங்குதளத்தை நிறுவும் நிரலின் மாதிரியை யாவருக்கும் வெளியிட்டு, நிறுவிப் பார்த்து அறிக்கை அனுப்பும்படி கேட்கின்றனர். குறை இருந்தால் மட்டுமன்று, எல்லாம் நன்றாக முடிந்தாலும் அனுப்பச் சொல்கின்றனர். எந்தெந்த வகைக் கணிப்பொறியில் நிரல் சரியாக வேலை செய்தது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அறிக்கையில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது. அந்நிரலைத் தமிழிலும் நடத்தலாம் என்பது எங்களுக்கு மகிழ்ச்சியளித்த செய்தி.

பயன்படாமல் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றை எங்கள் ஆசிரியை இதற்கென ஒதுக்கித் தந்திருக்கிறார். கோடை விடுமுறைக்குப் பின் அதில் தமிழிலேயே நிறுவிப் பார்த்து, பன்னிரண்டு கேள்விகளையும் முதலிலிருந்து கேட்க இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் மூவர் சேர இசைந்துள்ளனர். அவர்கள் தாங்களாகவே பதின்மூன்றாவது கேள்வி ஒன்றை எழுதித் தந்திருக்கிறார்கள். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைப் பற்றியது. எங்கள் நால்வரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.